ஆயுத பூஜையன்று இறங்கிய ஜீப்

இதில் நான் எதையும் கற்பனையாகச் சேர்க்கவில்லை. சேர்ப்பதாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன். நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், காறித் துப்புங்கள். பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் பெயர் தீர்த்தகிரி. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். தகர ஷெட். பின்னால் மரவள்ளிக் காடு. காற்று திரும்பினால், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரி நாற்றம் மூக்கைத் துளைக்கும். லாரி, போர் போடும் ரிக் வண்டி, பழைய ஜீப் எல்லாம் வரும். நசுங்கியதை நிமிர்த்துவது, துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது, இதுதான் தொழில். கூட வேலை செய்வது என் மனைவி சித்ராவின் தம்பி மணிமாறன். இருபத்தாறு வயது. என்னைவிடச் சுத்தமான வேலைக்காரன். இதை அவனிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்குப் பேய் பயம் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். எங்கள் பட்டறைக்கு இருநூறு அடி தள்ளி கண்ணுசாமி அண்ணன் லேத் கடை வைத்திருக்கிறார். அவர் கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று தாயத்து கட்டியிருப்பார். இருட்டினால் ஒன்றுக்குப் போகக்கூட டார்ச் எடுப்பார். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது அவரைச் சீண்டாமல் எனக்குப் பொழுது போகாது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நான் ஆரம்பித்தாலே எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நல்ல மனுஷன்.

போன புரட்டாசியில் ஒரு ஜீப் வந்தது. பழைய ஃபோர் வீல் ஜீப். சேந்தமங்கலம் பக்கத்து விவசாயி நவநீதகிருஷ்ணன் அண்ணனுடையது. கொல்லிமலை அடிவாரத்தில் அவருக்குத் தோட்டம். எஞ்சின் கல் மாதிரி இருந்தது. உடம்புதான் போய்விட்டது. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி மாதிரி ஒரு தகடு ஓடும். நாங்கள் அதை அடித்தகடு என்போம். வண்டியின் உடம்பைத் தாங்குவதே அதுதான். இரண்டு பக்கமும் அது உளுத்த பலகை மாதிரி ஆகியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விட்டது.

"விஜயதசமி அன்னிக்குக் காலைல வண்டி ஊட்டு வாசல்ல நிக்கோணுங்க. முடியுமுங்களா?" என்று கேட்டார்.

"நிக்குமுங்கண்ணா. நான் சொன்னா சொன்னதுதானுங்க" என்றேன். மீசையை முறுக்காததுதான் பாக்கி.

வலது பக்கம் முடிய நினைத்ததைவிட நாள் ஆகிவிட்டது. இடது பக்கம் அப்படியே கிடந்தது. ஆயுத பூஜை வந்துவிட்டது. மறுநாள் விஜயதசமி.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. சுத்தியலிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். படைத்த பிறகு மறுநாள் காலை வரை அதைத் தொடக் கூடாது. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டோம். ரோடு முழுக்கப் பட்டறைகள் சாயங்காலம் ஐந்து மணிக்கே பொரி கடலை கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடும்.

நான் ஒரு தந்திரம் செய்தேன். வெல்டிங் மிஷினையும் கிரைண்டரையும் இரண்டு சுத்தியலையும் பூஜையில் வைக்காமல் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். படைக்காத சாமானைத் தொட்டால் குற்றம் இல்லை அல்லவா? சாமியையே ஏமாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு சந்தோஷம்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டுகள். விவரம் தெரியாமல் மணிமாறன் நான்கையும் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, ஆளுக்கொரு பூ செருகி, சாமி முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டான்.

சாயங்காலம் ஆறு மணி. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டேன். பூஜை நாளில் வேலை செய்வதை யாரும் பார்க்கக் கூடாது. பெரிய லைட்டைப் போடவில்லை. ஒரு கை விளக்கு மட்டும். சாமி படத்தின் முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஸ்டாண்டு பூஜைல இருக்குதுங்களே மாமா. என்ன பண்றதுங்க?" என்றான் மணிமாறன்.

"அதத் தொடாத. படைச்சாச்சு."

"அப்பறம் வண்டிய எது மேல நிறுத்தறதுங்க?"

பின்பக்கம் சுவர் வைக்க வாங்கிப்போட்ட ஹாலோ பிளாக் கல் கிடந்தது. உள்ளே ஓட்டையாக இருக்கும் சிமெண்டுக் கல். அதை எடுத்து வரச் சொன்னேன்.

மணிமாறன் என்னைப் பார்த்தான். ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்தாதே, அது சொல்லாமல் உடையும் என்று அவன் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

"ஒரு ரெண்டு மணி நேரம் தானடா. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. அக்கா புருஷன் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. வண்டியோடு வந்த ஜாக்கியால் இடது பக்கத்தைத் தூக்கினோம். இரண்டிரண்டு கல்லாக இரண்டு இடத்தில் அடுக்கி, மேலே பலகை வைத்து, வண்டியை அதன்மேல் உட்கார வைத்தோம். வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் ஜாக்கியை எடுத்துவிட்டேன்.

பூஜை விதியை நான் மீறவில்லை. அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

எங்கள் வேலையில் ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்துப் புதுத் தகட்டை மேலே அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் வெளியிலிருந்து பற்றவைக்க வேண்டும். சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் தட்டுதான் பாஷை. அடியில் இருப்பவன் இரண்டு தட்டு தட்டினால், பிடித்துவிட்டேன், பற்றவை என்று அர்த்தம். மேலே இருப்பவன் மூன்று தட்டு தட்டினால், வெளியே வா.

மணிமாறன் அடியில் போனான். நான் முகமூடியை மாட்டினேன்.

டக். டக்.

பற்றவைத்தேன். வேலை நன்றாக ஓடியது.

மணி 6.35 இருக்கும். நான் அடுத்த வெல்டிங் ராடை மாட்டிக்கொண்டிருந்தேன். மணிமாறன் சரசரவென்று வெளியே வந்து உட்கார்ந்தான்.

"என்னங்க மாமா?"

"என்னடா?"

"மூணு தட்டு தட்டுனீங்களே."

"நான் எங்கடா தட்டுனேன்?"

அவன் தலையைச் சொறிந்தான். "கேட்டுச்சுங்களே… டக் டக் டக்குன்னு. என் தலைக்கு நேரா."

சூடான தகடு ஆறும்போது சத்தம் வரும். அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி உள்ளே போனான்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மறுபடி வெளியே வந்தான்.

இந்தத் தடவை அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. "வாரேன் வாரேன். எதுக்குங்க மாமா இப்படிக் கத்தறீங்க?"

நான் வாயே திறக்கவில்லை. முகமூடிக்குள் எப்படிக் கத்துவது?

"என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"வெளிய வா மாப்ளே, வெளிய வா மாப்ளேன்னு… ரெண்டு தடவ. அழுகற மாதிரி."

எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் பேய் பயம் இல்லாத தீர்த்தகிரி ஆயிற்றே நான்.

"காலைலருந்து பொரிய மட்டும் தின்னா இப்படித்தான் காது அடைக்கும். வேலையப் பாரு. காலைல அண்ணன் வந்து நிப்பாரு" என்றேன்.

"கண்ணு எரியுதுங்க. மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்று பின்பக்கம் போனான்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சொர்ர்ர்ர்…

நான் தனியாக இருந்தேன். மணி ஏழு ஆகப் போகிறது. சேகோ ஃபேக்டரி நாற்றம் இல்லை. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

டக். டக்.

தகட்டுக்கு அடியிலிருந்து.

பிடித்துவிட்டேன், பற்றவை.

சொர்ர்ர்ர்… பின்னால் குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குனிந்தேன். கை விளக்கு அடியில்தான் இருந்தது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

அடியில் யாரும் இல்லை.

முன்னால் இருந்த ஹாலோ பிளாக்கின் ஓரத்தில் மட்டும் மாவு மாதிரி சிமெண்டுத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. கிரைண்டர் தூசி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கவே எனக்கு ஆசையாக இருந்தது.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். ரொம்பத் தாழ்வாக.

"நான் போகல…"

திரும்பினேன். யாரும் இல்லை.

"நான் போகல…"

அது என் குரல்.

போனில் பேசியதைப் பதிவு செய்து கேட்டால் நம் குரலே நமக்குப் புதிதாக இருக்குமே… அப்படி. ஆனால் என் குரல்தான்.

எழுந்தேன். ஜீப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நான்கு ஸ்டாண்டும் பூவோடு நின்றுகொண்டிருந்தன. திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசினேன். நெஞ்சில் பூசினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

சொர்ர்ர்ர்…

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். மணிமாறன் பின்னால் இருக்கிறான். தனியாக இல்லை.

டக். டக்.

மறுபடியும் அடியிலிருந்து.

நான் திரும்பவில்லை.

டக். டக்.

திரும்பவில்லை.

கரக்…

டமார்!

கை விளக்கும் எண்ணெய் விளக்கும் ஒன்றாக அணைந்தன. தரை அதிர்ந்தது. தூசி வாசம்.

இருட்டு.

"மாமா…"

அடியிலிருந்து.

"மாமா… கையக் குடுங்க… மாமா…"

சொர்ர்ர்ர்…

மணிமாறன் பின்னால் இருக்கிறான்.

அப்படியானால் அடியில் கூப்பிடுவது…

ஓடினேன்.

ஷட்டருக்கு அடியில் எப்படி நுழைந்தேன் என்று தெரியாது. தலை இடித்தது. இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. ரோட்டில் விழுந்து எழுந்து ஓடினேன். பின்னாலேயே அந்தக் குரல். "மாமா… மாமா…"

இனி எழுதப் போவதுதான் கஷ்டம்.

பாதி ரோட்டில் எனக்குத் தெரிந்துவிட்டது.

மணிமாறனுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழாயைத் திறந்தால் மூட மாட்டான். வீட்டில் அதற்காகச் சித்ரா அவனைத் திட்டாத நாள் இல்லை. குழாயை ஓடவிட்டே அவன் அந்தப் பக்கமாக வந்து வண்டிக்கு அடியில் போயிருக்கிறான். தகட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டியிருக்கிறான். நான் திரும்பவில்லை என்று மறுபடியும் தட்டியிருக்கிறான்.

அடியில் கிடப்பது மணிமாறன்.

இது தெரிந்தது. ரோட்டின் நடுவில், ஓடும்போதே தெரிந்தது. ஆனால் என் கால் நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. வெளிச்சம் இருந்த பக்கமாகவே ஓடியது. இதை எழுத எனக்குக் கூசுகிறது.

கண்ணுசாமி அண்ணன் கடையில் அப்போதுதான் பூஜை முடிந்திருந்தது. வாழைமரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரத்தில் மணி 7.12. நான் ரோட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் வந்து நின்றேன்.

"வா தீர்த்தகிரி. சரியான நேரத்துக்கு வந்த. பொரி எடுத்துக்கப்பா" என்றார் அவர்.

தட்டை நீட்டினார்.

நான் பொரியை வாங்கினேன்.

ஆமாம். வாங்கினேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். பேய்க்குப் பயந்து ஓடிவந்தேன் என்று அவரிடம், அந்த ஏழெட்டுப் பேருக்கு முன்னால், எப்படிச் சொல்வது? இவரைத்தானே ஊர் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். வண்டி இறங்கிவிட்டது என்று சொல்லலாம். அப்போது, பூஜை அன்றைக்கு எதற்கு வேலை செய்தாய் என்பார்கள். எதன் மேல் நிறுத்தினாய் என்பார்கள். அடியில் ஆள் கிடக்க நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்பார்கள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு கடலையை எடுத்து வாயில் போட்டேன்.

யாரோ ஏதோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எவ்வளவு நேரம்? கால் மணி நேரம். கடிகாரம் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

கண்ணுசாமி அண்ணன்தான் கேட்டார்.

"ஏப்பா, நெத்தியில ரத்தம் வருது. மணிமாறன் எங்க?"

என் கையிலிருந்த பொரி கீழே கொட்டியது.

"அண்ணா… வண்டிக்கு அடியில…" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் உடனே எழுந்தார். பூஜையில் வைத்திருந்த லாரி ஜாக்கியை இரண்டு கையாலும் தூக்கினார். சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ. எல்லாம் அப்படியே இருந்தது.

"அண்ணா, அது படைச்சது…" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"சாமி கோச்சுக்காது. வாங்கடா" என்று இருட்டுக்குள் ஓடினார். தாயத்து கட்டிய கண்ணுசாமி அண்ணன் முன்னால் ஓடினார். நான் எல்லோருக்கும் பின்னால்.

ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஹாலோ பிளாக் நொறுங்கிப் போயிருந்தது. மணிமாறனின் இடது தொடை அடியில். நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை அளவு இடம். அந்த ஒரு கை அளவில் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. வலது கையை மட்டும் வண்டியின் அந்தப் பக்கமாக நீட்டி வைத்திருந்தான்.

ஜாக்கி வைத்துத் தூக்கி எடுத்தோம். ஆம்புலன்ஸ் வந்தது. ஈரோட்டில் ஆபரேஷன். தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். உயிருக்குப் பயம் இல்லை என்று விடியற்காலையில் சொன்னார்கள். அதுவரை சித்ரா என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் அவனுக்குப் பேச்சு வந்தது. கட்டிலைச் சுற்றிச் சித்ரா, கண்ணுசாமி அண்ணன், நான்.

"எப்படி சாமி தாங்குன? அத்தன நேரம்…" என்று சித்ரா அவன் தலையைக் கோதினாள்.

"மாமா இருந்தாருங்க்கா. ஆள் வார வரைக்கும் என் கைய உடவே இல்ல" என்றான்.

சித்ரா என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆகிப் பதினான்கு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கண்ணுசாமி அண்ணனும் என்னைப் பார்த்தார். கால் மணி நேரம் எங்கே நின்றேன், என்ன தின்றேன் என்று தெரிந்தவர் அவர். "டீ வாங்கிட்டு வாரேன்" என்று ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மறுத்துப் பேசவில்லை. வலி மருந்தில் உளறுகிறான், நமக்கு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படியும் நினைத்தேன் நான். செருப்பால் அடிக்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். சித்ரா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "அவிங்க மட்டும் கூட இல்லாட்டி என் தம்பி பயத்துலயே செத்திருப்பான்." ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தவர்கள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நான் உள்ளுக்குள் செத்தேன். இருந்தும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றேன். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பேர் வந்தது.

நான்காம் நாள். சித்ரா சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"மாமா" என்றான்.

"என்ன மாப்ளே, தண்ணி வேணுமா?"

"நீங்க ஓடுனது எனக்குத் தெரியுமுங்க. செருப்பு சத்தம் கேட்டுச்சு. தப்பு தப்புன்னு ரோட்டுப் பக்கம் போச்சு."

என் உடம்பு முழுக்க வேர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பறம்… எதுக்குடா அப்படிச் சொன்ன?"

"அக்கா நின்னுட்டு இருந்துச்சுங்களே" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். அவன் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவனே மறுபடி பேசினான்.

"ஆனா கையப் புடிச்சது பொய் இல்லீங்க மாமா."

"யாரு?"

"தெரியல. நீங்க போன ஒடனே அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்துச்சு. இருட்டு. மூஞ்சி தெரியல. என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு."

"கண்ணுசாமி அண்ணனா இருக்கும்டா…"

"இல்லீங்க. அவிங்க வந்தப்பத்தான் அந்தக் கை போச்சு." தன் உள்ளங்கையைப் பார்த்தான். "ஈரமா இருந்துச்சுங்க மாமா. ரொம்ப நேரம் தண்ணியில கெடந்தா தோலு சுருங்குமே… அப்படி. சொல்லிட்டே இருந்துச்சு. நான் போகல மாப்ளே, இந்தத் தடவ போகல, இந்தத் தடவ போகலன்னு…"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க கொரலுதாங்க மாமா" என்றான்.

அன்றைக்கு என் காதருகில் கேட்டதை அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நவநீதகிருஷ்ணன் அண்ணன் பட்டறைக்கு வந்தார். விஷயம் கேள்விப்பட்டிருந்தார். ஜீப் அப்படியே நின்றது. இடது பக்கம் பாதித் தகடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கோணுங்க. சொன்னா வேல செய்ய மாட்டீங்கன்னு உட்டுட்டேன். எம் மேலயும் தப்பு இருக்குது."

"என்னங்கண்ணா?"

"இந்த வண்டி ஆத்தூர்ப் பக்கம் வாங்குனது. நான் வாங்கறதுக்கு முன்னாடி அங்கயும் இதே அடித்தகட்ட மாத்தியிருக்காங்க. ரெண்டு பேரு. மாமன் மச்சான்னுதான் சொன்னாங்க. வண்டி எறங்கிருச்சு. ஒருத்தன் அடியில மாட்டிக்கிட்டான்."

எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நொடி, பயத்துக்கு நடுவிலும் ஒரு நிம்மதிகூட வந்தது. இதே வண்டிக்கு அடியில் தனியாகக் கிடந்து செத்தவன், இன்னொருத்தன் தனியாகக் கிடக்கக் கூடாது என்று வந்திருக்கிறான். பாவம், புண்ணியவான்.

"அடியில கெடந்தவன் அங்கயே செத்துட்டானுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அவன் நல்லாத்தான் இருக்கான். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு கிட்ட டீக்கடை வெச்சிருக்கான். காலுதான் கொஞ்சம் இழுக்கும். நானே போயி டீ குடிச்சிருக்கேன்."

"அப்பறம்…?"

அவர் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செத்தது கூட இருந்தவனுங்க. வண்டி எறங்குன ஒடனே பயந்து ஓடிட்டானாம். யாரும் அவன ஒரு வார்த்த கேக்கல. அடிபட்டவனே, மாமா கூடத்தான் இருந்தாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டானாம். ஊரே அவனத் தூக்கி வெச்சுக் கொண்டாடியிருக்குது. ஒரு மாசம் நல்லாத்தான் இருந்தானாம். அப்பறம் ஒரு நாளு விடியக்காத்தால… கெணத்துல கெடந்தான்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நவநீதகிருஷ்ணன் அண்ணன் லாரி வைத்து வண்டியை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அது எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி சித்ரா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹாலோ பிளாக்கைச் சொன்னேன். ஓடியதைச் சொன்னேன். பாதி ரோட்டில் தெரிந்ததைச் சொன்னேன். பொரி தின்றதைச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இருந்தாலும் சொன்னது நல்லதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கிணறு இருக்கிறது.